41-க்கு ஆல் அவுட் ஆனவனைப் பார்த்து சிரிக்காதீங்க

ஹாஸ்டல் மெஸ் வரிசையில ஒரு சண்டை. அண்டர்-19 உலகக்கோப்பையில எதுக்கு ஜப்பான், தான்சானியா மாதிரி டீமையெல்லாம் சேர்க்குறாங்க, டைம் வேஸ்ட்டுன்னு நம்ம வகுப்புல ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சார். பேர் சொல்ல மாட்டேன். இதைப் படிப்பார், அவருக்கே தெரியும் :-) நான் பாதி பேசி முடிக்கிறதுக்குள்ள சாம்பார் தீர்ந்து போச்சு, ரசம்தான் கிடைச்சுது. அந்தக் கடுப்பையும் சேர்த்து மீதியை இங்க எழுதுறேன்.

நண்பர் கையில இருந்த ஆயுதம் ஒரே ஒரு ஸ்கோர்கார்டு. 2020 ஜனவரி 21, தென்னாப்பிரிக்காவோட ப்ளூம்ஃபொன்டைன் நகரம், இந்தியா - ஜப்பான். ஜப்பான் 22.5 ஓவர்ல 41 ரன்னுக்கு ஆல் அவுட். ஒருத்தர் கூட இரட்டை இலக்கத்தைத் தொடல. ரவி பிஷ்னோய் 5 ரன் கொடுத்து 4 விக்கெட். நம்மாளுங்க 4.5 ஓவர்ல முடிச்சிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க.

உண்மையைச் சொல்லணும்னா அன்னிக்கு நானும் சிரிச்சேன். அப்ப நான் ஸ்கூல் பையன். டியூஷன்ல உட்கார்ந்துக்கிட்டு பக்கத்துல இருந்தவன் கிட்ட "நம்ம தெரு டீம் போயிருந்தாலே 60 அடிச்சிருக்கும்"னு சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கு. இப்ப நினைச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கு. நம்ம தெரு டீமுக்கு பிஷ்னோயோட கூக்ளி பேட்டுல பட்டிருந்தாலே பெரிய விஷயம்.

சரி, அந்த 41-ஐ கொஞ்சம் கிண்டிப் பார்ப்போம். அண்டர்-19 உலகக்கோப்பையில 41-க்கு ஆல் அவுட் ஆன ஒரே டீம் ஜப்பான் இல்ல. 2008-ல மலேசியாவுல நடந்த கோப்பையில, காலிறுதியில, தென்னாப்பிரிக்காகிட்ட இன்னொரு டீமும் இதே 41-க்கு சுருண்டுச்சு. வேய்ன் பார்னெல் 8 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். அந்த டீம் எது தெரியுமா? பங்களாதேஷ். அப்பவே அவங்க டெஸ்ட் அந்தஸ்து வாங்கி எட்டு வருஷம் ஆகியிருந்துச்சு.

அன்னிக்கு யாராவது "பங்களாதேஷை எதுக்கு சேர்க்குறீங்க, போய் தகுதிச்சுற்று ஆடிட்டு வரச் சொல்லுங்க"ன்னு சொன்னாங்களா? சொல்லல. சொல்லாததும் சரிதான். ஏன்னா அதே பங்களாதேஷ் 12 வருஷம் கழிச்சு, ஜப்பான் 41 அடிச்ச அதே 2020 கோப்பையில, ஃபைனல்ல இந்தியாவையே தோற்கடிச்சு சாம்பியன் ஆச்சு. ஒருத்தனுக்கு 41 அடிச்சாலும் அடுத்த தடவை கதவு திறந்தே இருக்கும். இன்னொருத்தனுக்கு 41 அடிச்சா "ஏன்டா வந்த?"ன்னு கேள்வி. என் சண்டை இந்த வித்தியாசத்தோடதான்.

விவரம் தெரியாதவங்களுக்காக கணக்கைச் சொல்லிடறேன். அண்டர்-19 உலகக்கோப்பையில 16 டீம். ஐசிசியில ஃபுல் மெம்பர்னு 12 நாடு இருக்கு. அதுல 11 நாடு நேரா உள்ள வந்துடும். மிச்சம் இருக்கிறது 5 இடம். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டம், ஐரோப்பா, கிழக்கு ஆசியா-பசிபிக்னு ஐந்து மண்டலம், ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு இடம். 90-க்கும் மேல இருக்கிற அசோசியேட் நாடுகளோட பசங்க இந்த அஞ்சு நாற்காலிக்காகத்தான் மண்டலத் தகுதிச்சுற்றுல முட்டி மோதுறாங்க. அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சில நாள்ல முடிஞ்சு போற டோர்னமென்ட்ல. ஒரு நாள் மழை, ஒரு கேட்ச் டிராப், கதை முடிஞ்சுது.

2019-ல ஆப்பிரிக்க மண்டலத் தகுதிச்சுற்று நமீபியாவுல நடந்துச்சு. நைஜீரியாவும் சியரா லியோனும் மோதின ஆட்டத்துல நைஜீரியா 2 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சு முதல் தடவையா உலகக்கோப்பைக்குப் போச்சு. சியரா லியோன் பசங்க வீட்டுக்குப் போனாங்க. சியரா லியோன்ல கிரிக்கெட் ஆடுறாங்கன்னு நம்ம வகுப்புல எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ரெண்டு விக்கெட் விழுந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

ஜப்பான் எப்படி வந்துச்சுங்கறதும் தனிக் கதை. 2019 ஜூன்ல தொச்சிகி மாகாணத்துல சானோங்கற ஊர்ல கிழக்கு ஆசியா-பசிபிக் தகுதிச்சுற்று. வழக்கமா அந்த மண்டலத்து இடம் பப்புவா நியூ கினி வீட்டுச் சொத்து மாதிரி. 2016-ல ஃபிஜி ஒரு தடவை பிடுங்கினதோட சரி. கடைசி ஆட்டம் ஜப்பானுக்கும் பப்புவா நியூ கினிக்கும். ஜெயிக்கிறவங்களுக்கு உலகக்கோப்பை. அந்த நேரம் பார்த்து பப்புவா டீம் பசங்க கடையில திருடினதா புகார் வந்து, அவங்க வாரியமே டீம்ல பெரும்பாலான பசங்களை சஸ்பெண்ட் பண்ணிடுச்சு. களத்துல இறக்க 11 பேர் இல்ல. ஆட்டம் நடக்காமலே ஜப்பான் உள்ள போயிடுச்சு. "பாத்தியா, ஓசியில வந்தவன்"னு நம்ம நண்பர் இதையும் பிடிச்சுக்கிட்டார். அதுவரைக்கும் அந்தத் தொடர்ல ஜப்பான் தோற்கவே இல்லைங்கறதை சௌகரியமா விட்டுட்டார். 2026 கோப்பைக்கு ஜப்பான் மறுபடியும் தகுதிச்சுற்று ஜெயிச்சுத்தான் வந்துச்சுங்கறதையும் சேர்த்து விட்டுட்டார்.

ஓசியில வர்றவங்களைப் பத்திப் பேசணும்னா தாராளமா பேசலாம் நண்பரே. ஆனா ஜப்பான்ல ஆரம்பிக்க வேண்டாம். நேபாளத்துல ஆரம்பிப்போம்.

2016, பங்களாதேஷ்ல நடந்த அண்டர்-19 கோப்பை. பாதுகாப்பு சரியில்லைன்னு ஆஸ்திரேலியா வரல, அவங்களுக்குப் பதிலா அயர்லாந்து வந்துச்சு. நேபாளம் முதல் ஆட்டத்துலயே நியூசிலாந்தை 32 ரன்ல தோற்கடிச்சுது. குருட்டு அதிர்ஷ்டம்னு நினைச்சுடாதீங்க. 2006-லயும் இதே நேபாளம் பிளேட் பிரிவு ஃபைனல்ல நியூசிலாந்தைத் தோற்கடிச்சிருக்கு. 2016-ல காலிறுதி வரைக்கும் போய் நேபாளம் 8-வது இடம். அதே கோப்பையில நமீபியா, முந்தின தடவை சாம்பியனான தென்னாப்பிரிக்காவை வீழ்த்தி 7-வது இடம். நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் காலிறுதியே பார்க்கல.

அடுத்த கோப்பை 2018. எங்க நடந்துச்சு? நியூசிலாந்துல! அதுல நேபாளம் இல்ல. அவங்ககிட்ட தோத்து, அவங்களுக்குக் கீழே முடிச்ச நியூசிலாந்து மேளதாளத்தோட தொடரை நடத்துது. தோற்கடிச்ச நேபாளம் மறுபடியும் மண்டல வரிசையில நின்னு, ஆப்கானிஸ்தான்கிட்ட இடத்தை விட்டுட்டு, டிவியில பார்த்துச்சு.

ஒண்ணு ஒத்துக்கறேன். அந்தத் தகுதிச்சுற்றுல நேபாளம் களத்துலதான் கோட்டை விட்டுச்சு, ஆப்கானிஸ்தான் நல்ல டீம். அதே 2018 கோப்பையில அவங்க அரையிறுதி வரைக்கும் போனாங்க. என் கேள்வி வேற. எட்டாவதா வந்தவன் ஏன் அந்த வரிசையில நிக்கணும்? அவனுக்குக் கீழே வந்தவன் ஏன் நிக்கக் கூடாது?

அப்போ ஒரு சின்ன நியாயமாவது இருந்துச்சு. அசோசியேட் நாடுகள்ல முதல்ல வந்த ஒரு டீமுக்கு அடுத்த கோப்பைக்கு நேரடி இடம். அப்படித்தான் 7-வதா வந்த நமீபியா 2018-க்குப் போச்சு. 2017-ல ஆப்கானிஸ்தானையும் அயர்லாந்தையும் ஃபுல் மெம்பர் ஆக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா அதுக்கு விலை கொடுத்தது யாரு? 2020 கோப்பையில பாருங்க, நேரடியா வந்த 11 பேரும் ஃபுல் மெம்பருங்க. அசோசியேட்டுக்குன்னு இருந்த அந்த ஒத்தை நாற்காலி சத்தமில்லாம காணாம போயிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததைக் கேளுங்க. 2022, வெஸ்ட் இண்டீஸ். ஐக்கிய அரபு அமீரகம் பிளேட் பிரிவுல வெஸ்ட் இண்டீஸை வீழ்த்தி, ஃபைனல்ல அயர்லாந்தையும் வீழ்த்தி 9-வது இடம். அடுத்த 2024 கோப்பைக்கு வெஸ்ட் இண்டீஸும் அயர்லாந்தும் நேரா உள்ள. அமீரகம் தகுதிச்சுற்றுக்கு. அங்க நேபாளம் ஜெயிச்சுது, அமீரகம் வெளிய.

2024, தென்னாப்பிரிக்கா. (முதல்ல இலங்கையில நடக்க வேண்டியது, ஐசிசி இலங்கை வாரியத்தை சஸ்பெண்ட் பண்ணினதால இடம் மாறிச்சு.) நேபாளம் ஆப்கானிஸ்தானை ஒரு விக்கெட் வித்தியாசத்துல தோற்கடிச்சு சூப்பர் சிக்ஸுக்குப் போச்சு. சூப்பர் சிக்ஸ்ல மொத்தம் 12 டீம். அந்தப் பன்னிரண்டு யாரு? 11 ஃபுல் மெம்பர், பன்னிரண்டாவதா நேபாளம். வெளிய போன ஒரே ஃபுல் மெம்பர் ஆப்கானிஸ்தான்.

இப்ப 2026 கோப்பைக்கு, சூப்பர் சிக்ஸ் ஆடின அந்தப் பன்னிரண்டுல பதினொருத்தருக்கு நேரடி டிக்கெட். ஒருத்தருக்கு மட்டும் இல்ல. யாருக்குன்னு நான் சொல்லணுமா?

2025-ல ஆசியத் தகுதிச்சுற்று நேபாளத்துலயே நடந்துச்சு. போன கோப்பையில தான் தோற்கடிச்ச அதே ஆப்கானிஸ்தான் கூட, இருக்கிற ஒரே ஒரு இடத்துக்கு மறுபடியும் மோதணும். இடம் ஆப்கானிஸ்தானுக்குப் போச்சு. நேபாளம் சொந்த ஊர்லயே வெளிய நின்னுச்சு.

இதுல இன்னொரு கோணம் இருக்கு, யாரும் பேச மாட்டாங்க. ஒரு ஃபுல் மெம்பர் தவறி கீழே விழுந்தா அவன் மட்டுமா அடிபடுறான்? அவன் யார் தலையில விழறான்னு பாருங்க. 2022-ல நியூசிலாந்து, கொரோனா கெடுபிடியால பசங்க ஊர் திரும்புறது சிக்கல்னு கோப்பைக்கே போகல. அதனால 2024-க்கு நேரடி இடம் போச்சு. சரி, தகுதிச்சுற்று ஆடுங்கன்னு 2023-ல டார்வின்ல நடந்த கிழக்கு ஆசியா-பசிபிக் தொடர்ல இறக்கி விட்டாங்க. ஜப்பான், பப்புவா நியூ கினி பசங்க ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்த அந்த ஒத்தை இடத்தை, எதிர்பார்த்த மாதிரியே நியூசிலாந்து எடுத்துக்கிச்சு. நியூசிலாந்து பசங்க மேலயும் தப்பு இல்ல, ஜப்பான் பசங்க மேலயும் தப்பு இல்ல. பெரிய வீட்டுப் பையன் பஸ்ஸை விட்டுட்டா, சின்ன வீட்டுப் பையனை இறக்கி விட்டு அந்த சீட்டைக் கொடுக்கிற ஏற்பாடு இது.

எங்க ஊர்ல பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். நுழைவுக் கட்டணம் கட்டணும், சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் கூட யார்னு முடிவு பண்ணுவாங்க. போன வருஷம் கப் அடிச்ச டீமுக்கு சில சமயம் 'பை' கொடுப்பாங்க, முதல் ரவுண்டு ஆட வேண்டாம். அதுக்கே பக்கத்து ஊர்க்காரன் மைக்கைப் பிடுங்கி சண்டை போடுவான். போன வருஷம் முதல் ரவுண்டுலயே தோத்த டீமுக்கு, அவங்க தாத்தா காலத்துல இருந்து ஆடுறாங்கங்கற காரணத்துக்காக 'பை' கொடுத்துப் பாருங்க! ஸ்டம்ப் மிஞ்சாது. பரிசுத் தொகை வழங்கும் அண்ணன் போட்ட ஃபிளக்ஸ் போர்டும் மிஞ்சாது. வேட்டி மடிச்சுக் கட்டின எங்க ஊர் கமிட்டிக்குத் தெரிஞ்ச நியாயம் துபாய்ல கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்திருக்கிற கமிட்டிக்குத் தெரியல.

சின்னப் பசங்க ஆட்டம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு சூடாகறேன்னு கேட்கலாம். சின்னப் பசங்க ஆட்டம்ங்கறதாலதான் சூடாகறேன். சீனியர் டீம்னா இந்த உலகக்கோப்பை இல்லேன்னா அடுத்தது, 35 வயசு வரைக்கும் டைம் இருக்கு. அண்டர்-19-க்கு காலாவதி தேதி உண்டு. நேபாளத்துல ஒரு பையனை கற்பனை பண்ணிக்கோங்க. 2016-ல அவனுக்கு 14 வயசு. தன் நாடு நியூசிலாந்தைத் தோற்கடிக்கிறதைப் பார்க்கிறான். நாமளும் ஆடணும்னு கிளம்புறான். 2018-ல 16 வயசு, நேபாளம் இல்ல. 2020-ல 18 வயசு, உச்சகட்ட ஃபார்ம், நேபாளம் இல்ல, ஆசிய இடம் அமீரகத்துக்கு. 2022-க்கு கொரோனாவால ஆசியத் தகுதிச்சுற்றே நடக்கல, பழைய ரெக்கார்டைப் பார்த்து இடத்தை அமீரகத்துக்கே கொடுத்தாங்க. அது நடந்திருந்தாலும் இவனுக்கு அப்ப 20 வயசு. முடிஞ்சுது. இப்ப அவன் கிரிக்கெட் ஆடுறானா, இல்ல கத்தாருக்கு வேலைக்குப் போயிட்டானா, யாருக்குத் தெரியும்.

நம்ம ஊர்ப் பையனுக்கு அண்டர்-19 கோப்பை போச்சுன்னா ரஞ்சி இருக்கு, டிஎன்பிஎல் இருக்கு, ஐபிஎல் ஏலம் இருக்கு. ப்ளூம்ஃபொன்டைன்ல அன்னிக்கு 29 ரன்னோட அவுட் ஆகாம நின்ன ஜெய்ஸ்வாலை இப்ப உலகத்துக்கே தெரியும். அவரை அந்த ஒரு கோப்பைதான் ஆளாக்கிச்சுன்னு சொல்ல முடியாது, அது இல்லேன்னாலும் மேல வந்திருப்பார். நேபாளத்துப் பையனுக்கு, தான்சானியாப் பையனுக்கு, பெரிய நாட்டு டீமோட, நல்ல பிட்ச்சுல, டிவி கேமரா முன்னாடி ஆடுற வாய்ப்பு வேற எங்க கிடைக்கும்?

பி.காம் படிக்கிறவன்ங்கறதால காசையும் பார்த்துடுவோம். 2024 முதல் 2027 வரைக்கும் ஐசிசி வருமானத்தைப் பங்கு போடுற கணக்கு 2023-ல வெளிய வந்துச்சு. இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம். ஃபுல் மெம்பர் 12 பேருக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 89 சதவீதம். மிச்சம் 11 சதவீதத்துச் சொச்சத்தை 90-க்கும் மேற்பட்ட நாடுகள் பிரிச்சுக்கணும். சந்தையில ஏற்கெனவே இருக்கிறவங்க ஒண்ணு சேர்ந்து புதுசா யாரும் உள்ள வராதபடி சுவர் கட்டுறதை நாம எகனாமிக்ஸ் பேப்பர்ல பத்து மார்க் கேள்வியா எழுதியிருக்கோம். காசு இல்லாததால டீம் வளரல, டீம் வளராததால இடம் இல்ல, இடம் இல்லாததால காசு இல்ல. கடைசில "பாருங்க, 41-க்கு ஆல் அவுட் ஆகுறான்"னு தீர்ப்பு.

"பெரிய டீம் இல்லேன்னா யார் பார்ப்பா, ஸ்பான்சர் வருவானா"ங்கறது மெஸ்ல வந்த அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், டிவிக்காரன் காசு இல்லாம தொடர் நடக்காது. ஆனா நான் இந்தியாவை வெளிய அனுப்பச் சொல்லலையே! முதல் 11 இடத்துல முடிக்கிற யாரா இருந்தாலும், போட்டி நடத்துற நாடும், அடுத்த தடவை நேரா வரட்டும். இந்தியா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து எல்லாம் அந்த 11-க்குள்ள வராம எங்க போயிடும்? கடைசில முடிக்கிற ஃபுல் மெம்பர் ரெண்டு பேரோ மூணு பேரோ தகுதிச்சுற்று ஆடட்டும். ஆனா மண்டலத்தோட ஒத்தை இடத்தைப் பிடுங்காம, அவங்களுக்கும் மண்டலங்கள்ல ரெண்டாவது வந்தவங்களுக்கும் தனியா ஒரு சுற்று வைங்க. இதுல ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்ல.

போட்டி நடத்துற நாடுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2026 கோப்பையை ஜிம்பாப்வேயும் நமீபியாவும் சேர்ந்து நடத்தினாங்க. நடத்துற நாடுங்கற இடம் ஜிம்பாப்வேக்கு மட்டும். நமீபியா அசோசியேட் ஆச்சே, அதனால ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்று ஆடித்தான் வரணும். தான்சானியா அந்த இடத்தை ஜெயிச்சு முதல் தடவையா உலகக்கோப்பைக்கு வந்துச்சு, அவங்களுக்கு ஒரு பெரிய கைத்தட்டு. ஆனா விண்ட்ஹூக்ல மைதானம், பிட்ச், வரவேற்பு எல்லாம் நமீபியாவோடது. ஆடுறது மட்டும் அவங்க இல்ல. கல்யாண மண்டபம் நம்மளோடது, பந்தியில உட்கார இலை மட்டும் கிடையாது.

தான்சானியா அங்க எத்தனை ரன்ல தோத்துச்சுன்னு நம்ம நண்பர் கண்டிப்பா தேடி எடுத்துட்டு வருவார். எடுத்துட்டு வரட்டும். 2008 காலிறுதி ஸ்கோர்கார்டை நான் பிரிண்ட் போட்டு பாக்கெட்டுல வச்சிருக்கேன். நாளைக்கு மெஸ்ல, சாம்பார் தீர்றதுக்கு முன்னாடி.